ரோஜர் ராபிட்: எந்த டிஸ்க்கை வாங்குவது?

கேள்வி: ரோஜர் என்ற கார்ட்டூன் முயல் நிஜ நடிகர்களோடு நடிக்கும், 1988-இல் வெளிவந்த ‘ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்’ படத்தின் பழைய அமெரிக்க டிவிடி என்னிடம் இருக்கிறது. புதிதாக வாங்கிய 55 அங்குல டிவியில் போட்டால், நாலு பக்கமும் கறுப்புப் பட்டையோடு படம் நடுவில் சின்னதாகத் தெரிகிறது. இரட்டை டிவிடி, புளூரே, 4கே எனப் பல பதிப்புகள் விற்கிறார்கள். எதை வாங்கலாம்? எதிலாவது காட்சிகளை வெட்டியிருக்கிறார்களா?

பதில்: காசு செலவழிக்கும் முன் பிளேயரைப் பாருங்கள். அதன் செட்டிங்கில் டிவி வகை 4:3 என்று இருந்தால், எந்த அகலத்திரை டிஸ்க்கும் இப்படித்தான் சுருங்கும். 16:9 என்று மாற்றிவிட்டு வேறொரு புதிய டிவிடியைப் போடுங்கள். அது திரையை நிறைத்து, ரோஜர் மட்டும் சுருங்கியே நின்றால் கோளாறு டிஸ்க்கில்தான். 1999-இல் வந்த முதல் டிவிடி, பழைய சதுர டிவிக்காக மேல், கீழ்ப் பட்டைகளையும் சேர்த்தே பதிந்தது. டிவி ரிமோட்டில் ‘ஜூம்’ வைத்தால் திரை நிறையும். ஆனால் டிவிடியின் 480 வரிகளில் படத்துக்கு மிஞ்சியது சுமார் 346 வரிதான்; பெரிதாக்கினால் கலங்கும். அகலத்திரைக்கென்றே பதிந்த டிவிடியில் சுமார் 460, புளூரேயில் 1,038, 4கேயில் இரண்டாயிரத்துக்கும் மேல்.

2003 மார்ச்சில் ‘விஸ்டா சீரிஸ்’ என்ற இரட்டை டிவிடி வந்தது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் டிஸ்க்கில் இருப்பது இரு ஓரங்களையும் நறுக்கிய சதுரப் படம். முழு அகலப் படமும், இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் குழுவினரின் விளக்க உரையும் இரண்டாவது டிஸ்க்கில். பழைய பொருள் விற்பவரிடம் வாங்கினால் இரண்டாவது டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

வெட்டு பற்றிய சந்தேகம் பெரும்பாலும் ஓடும் நேரத்தால் வருகிறது. படம் 104 நிமிடம். ஐரோப்பிய டிவிடி சுமார் 100 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியும் போகவில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை ‘பால்’ (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறை 25 ஃபிரேமாக ஓட்டுவதால் வரும் வித்தியாசம் அது. குரலும் இசையும் சற்று மேல் சுருதிக்கு ஏறிவிடும். ஏற்கெனவே கீச்சென்று பேசுகிற ரோஜருக்கு அது நல்லதல்ல. மாற்றப்பட்டவை வேறு: ரோஜரின் கார்ட்டூன் மனைவி ஜெசிகா டாக்ஸியிலிருந்து தூக்கியெறியப்படும் இடத்தில் அவள் உடை விலகித் தெரியும் ஓரிரு ஃபிரேம்கள். டிவிடிக்கு முன்பிருந்த பெரிய வட்டான லேசர்டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தவர்கள் கண்டதை ‘வெரைட்டி’ இதழ் 1994 மார்ச்சில் எழுதியது. பிந்தைய பதிப்புகளில் அவற்றைத் திருத்திவிட்டார்கள். சாதாரண வேகத்தில் கண்ணுக்கே படாத இவற்றுக்காக லேசர்டிஸ்க் தேடுவது வீண். பிளேயரும் கிடைக்காது, உள்ளிருக்கும் அலுமினியப் படலம் அரித்த டிஸ்க் என்றால் திரை முழுக்கப் புள்ளி பறக்கும்.

உங்களுக்கு என் சிபாரிசு 2013-இல் 25-ஆம் ஆண்டுக்காக வந்த புளூரே. ரோஜரின் மூன்று குறும்படங்களும் அதில் துலக்கமாக இருக்கின்றன. ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து 55 அங்குலத்தில் பார்ப்பவருக்கு 2021-இன் 4கே பதிப்பு கூடுதலாகத் தருவது வரி எண்ணிக்கையைவிட எச்டிஆர் ஒளியை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான கூடுதல் வீச்சைத்தான். 4கே டிஸ்க்கைச் சாதாரண புளூரே பிளேயர் படிக்காது, பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியான பிஎஸ்4-உம் படிக்காது. டிஸ்க் போடும் வசதியுள்ள பிஎஸ்5 படிக்கும். அதோடு டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு மேம்பட்ட சிக்னலை இயக்காவிட்டால் எச்டிஆர் வராது. மண்டலப் பூட்டையும் கவனியுங்கள்: ஒரு மண்டலத்துக்கான டிஸ்க்கை வேறு மண்டலத்து பிளேயர் ஏற்காது. இந்தியாவுக்கு டிவிடியில் 5, புளூரேயில் சி. அமெரிக்காவுக்கு 1, ஏ. 4கே டிஸ்க்குக்குப் பூட்டே கிடையாது, ஆனால் அதே பெட்டியில் வரும் புளூரேக்கு இருக்கலாம். அட்டையின் பின்புறம் பார்த்து வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் டிவியில் இரண்டு வசதிகளை அணைத்தே ஆக வேண்டும்: அசைவை வழவழப்பாக்குவது, இரைச்சல் குறைப்பது. இந்தப் படத்தில் கணினி வரைகலை இல்லை. அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸின் குழு கையால் வரைந்த உருவங்களை, நிழலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று எனத் தனித்தனி அடுக்காக்கி, ஓடும் ஃபிலிமையே மறுபடி படமெடுக்கும் கருவியான ஆப்டிகல் பிரிண்டரில் நடிகர்களோடு இணைத்தார்கள். ஒவ்வொரு முறை மறுபடி எடுக்கும்போதும் ஃபிலிமின் மணி மணியான துகள் கூடும். அதை ஈடுகட்டவே பெரிய நெகட்டிவ் கொண்ட விஸ்டாவிஷன் கேமராவைப் பயன்படுத்தினார்கள். அப்படியும் எஞ்சிய துகளை டிஸ்க்கின் குறை என்று நினைத்து டிவி துடைக்கப்போனால், துப்பறிவாளர் எடியாக நடித்த பாப் ஹாஸ்கின்ஸின் முகம் மெழுகாகிவிடும். முயலின் மெல்லிய நிழலும் அதோடு போய்விடும்.

சரிபார்க்க ஒரு காட்சி இருக்கிறது. மதுக்கடையின் பின்னறையில் எடியும் ரோஜரும் கைவிலங்கை அறுக்க முயல்வார்கள். எடியின் தலை பட்டு மேலே தொங்கும் விளக்கு ஆடும். ஆட ஆட, ரோஜரின் உடலில் விழும் நிழலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அத்தனையும் கையால் வரைந்தவை. அங்கே ரோஜரின் காது ஓரம் குழைந்தோ மினுங்கியோ தெரிந்தால் அசைவு வசதி இன்னும் அணையவில்லை. சில டிவிகள் ஒவ்வொரு துளைக்கும் தனி செட்டிங் வைத்திருக்கும். பிளேயர் செருகியிருக்கும் துளையில் நின்று அணையுங்கள்.