வாடகை குறைவு, குளிர் அதிகம்: மகளை அனுப்பலாமா?

அம்மா, உங்கள் மகளுக்கு இரண்டு ஊர்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று வாடகையைக் கேட்டாலே விழி பிதுங்கும் பெருநகரம். இன்னொன்று சின்ன ஊர், செலவு குறைவு, குளிர் கடுமை. கடிதம் முழுக்கக் குளிரைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை வேறு இடத்தில்.

குளிரைச் சமாளித்துவிடலாம். பருத்தி உடை வியர்வையில் நனைந்தால் உடம்பைச் சில்லிட வைக்கும். அதனால் உள்ளே மெல்லிய கம்பளி, அதன்மேல் இன்னொரு அடுக்கு, வெளியே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். காலணியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆளை உண்மையில் வாட்டுவது இருட்டுதான். 60 டிகிரி வடக்கு அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் பகல் 6 மணி நேரம்கூட இருக்காது. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பும் அந்த மாதங்களில் சிலருக்கு மனச்சோர்வு வரும். காலையில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். மகளுக்கு ஏற்கெனவே அப்படித் தொந்தரவு உண்டென்றால் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

சரி, என் கவலைக்கு வருகிறேன். அந்த ஊரில் ஏன் செலவு குறைவு? வீடுகள் தாராளமாகக் கட்டியிருப்பதாலா, வேலை இல்லாமல் ஆட்கள் கிளம்பிப் போவதாலா? வேலைவாய்ப்புத் தளத்தில் மகளின் பதவியையும் ஊரின் பெயரையும் போட்டுத் தேடச் சொல்லுங்கள். எத்தனை விளம்பரம் என்பதை விட்டுவிட்டு, எத்தனை நிறுவனங்கள் என்று எண்ணட்டும். இவளை எடுத்திருக்கும் நிறுவனம் ஒன்றுதான் வருகிறதென்றால், வேலையை விடுவதும் ஊரை விடுவதும் ஒன்றாகிவிடும். மேலாளருக்கும் அது தெரியும். சம்பள உயர்வு கேட்கும்போது குரல் தானாக இறங்கிவிடும்.

கையில் மிஞ்சுவதையும் சதவீதத்தில் பார்க்காதீர்கள். 100 சம்பளத்தில் 20 மிஞ்சுவதும் 60 சம்பளத்தில் 18 மிஞ்சுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கல்விக் கடன் தவணைக்கு வேண்டியது தொகை, சதவீதம் இல்லை. அடுத்த வருட உயர்வும் அந்த 60-இன் மேல்தான் வரும்.

அப்புறம், வாடகையில் ஹீட்டர் செலவு சேர்ந்திருக்கிறதா? வீட்டுக்காரரிடம் போன ஜனவரி மாத பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. பஸ் வசதி இல்லாவிட்டால் கார் வாங்க வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும் என்பதால் குளிர்கால டயர் தனியாக. வாடகையில் மிச்சம் பிடித்ததில் பாதி இதிலேயே கரையும்.

தேடலில் ஏழெட்டு நிறுவனங்கள் வந்தால், அதோடு அவளுக்கு வேலை சொல்லித்தர அனுபவசாலி ஒருவர் அதே அலுவலகத்தில் இருந்தால், நான் சின்ன ஊருக்கே அனுப்பச் சொல்வேன். முதல் வேலையில் அந்த ஆள்தான் முக்கியம். முடிந்தால் சேருவதற்கு முன் ஒருமுறை ஊரைப் பார்த்து வரட்டும், கடுங்குளிர் மாதத்திலேயே. கோடையில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். வீட்டு ஒப்பந்தம் முதலில் ஆறு மாதத்துக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.