கதை சொல்வது டிராகன் என்றால், மனிதன் எந்தத் திணை?

கேள்வி: டிராகன்களே கதை சொல்வதுபோல ஒரு பெரிய மிகைபுனைவு நாவல் எழுத ஆசை. தமிழில் அது எடுபடுமா? எங்கே தொடங்குவது?

எடுபடும். நான்கு வருடமாக அப்படி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. ஆனால் எங்கே தொடங்குவது என்பதற்கு எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. வினைமுற்றில் தொடங்குங்கள். வரைபடம், மந்திரம், குலப்பெயர், போர் எல்லாம் அப்புறம்.

என் முதல் படி 300 பக்கம் வந்தது. எங்கள் கிருஷ்ணகிரி மாதிரியே ஒரு மொட்டைப்பாறை மலை, அதன் உச்சியில் வயதான ஒரு டிராகன், கீழே பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட ஒரு நாடு. முழுக்க டிராகன் "நான்" என்றே சொல்லும். படித்த நண்பர் ஒரே ஒரு வரிதான் சொன்னார்: "இது எங்க பெரியப்பா பேசுற மாதிரி இருக்கு." அவர் சொன்னது சரி. இறக்கையும் செதிலும் இருந்தனவே தவிர, அந்த டிராகனின் கவலைகள் சொத்து, வாரிசு, பழி என்று மனிதக் கவலைகளாகவே இருந்தன. எங்கே தவறினேன் என்று பல மாதம் பிடிபடவில்லை.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவில், காட்டை ஒட்டி இருக்கிறது. வயல் ஓரத்தில் ஒரு வேடியப்பன் கல் உண்டு. இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்றுதான் கும்பிடுகிறோம். அதில் ஒரு வீரன் புலியைக் குத்துகிறான், புலி முன்காலைத் தூக்கி நிற்கிறது. எங்கள் கல்லில் எழுத்து இல்லை. எழுத்துள்ள கற்களில் "பட்டான்", அதாவது இறந்தான், என்று இருக்கும். இன்னாருடைய மகன் இன்னான், புலி குத்திப் பட்டான். வீரனுக்குப் பெயர் உண்டு, வினை உண்டு. அந்தப் புலியும் அங்கேயேதான் விழுந்திருக்கும், ஆனால் அதற்கென்று ஒரு வினைச்சொல் கல்லில் இருக்காது. ஒரு தைப் பொங்கலன்று அந்தக் கல் முன்னால் நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது. என் நாவலில் டிராகன் பேசுகிறதே ஒழிய, வினைமுற்றுகள் எல்லாம் மனிதன் கையில் இருந்தன.

தமிழில் எழுதும் நமக்கு இங்கே ஒரு பெரிய சொத்து இருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே திணையைப் பிரித்துத்தான்: மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. ஒவ்வொரு முறை "வந்தான்", "வந்தது" என்று எழுதும்போதும் யார் ஆள், எது பொருள் என்று முடிவு செய்துவிடுகிறோம். அப்படியானால் ஒரு டிராகன் தமிழில் கதை சொன்னால், அது தன் இனத்தைத்தானே "மக்கள்" என்று சொல்லும்? நம்மைத்தானே "வந்தது, போனது" என்று சொல்லும்? மனிதனுக்கும் விலங்குக்கும் வினையில் வேறுபாடு காட்டாத மொழியில் எழுதுபவருக்கு இந்தக் கருவி கிடையாது. நமக்கு இது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் இருக்கிறது.

இரண்டாம் படியை அப்படித் திருப்பி எழுதினேன். மனிதர்களுக்கு என் டிராகன்கள் வைத்த பெயர் "கொள்ளி". டிராகன்களுக்குத் தீ உடம்புக்குள் இருக்கிறது. இந்தச் சிறு உயிர்களோ தீயைக் கட்டை நுனியில் வெளியே தூக்கிக்கொண்டு அலைகின்றன. நாவலின் முதல் வரி இப்போது இப்படி: "விடிவதற்குள் மூன்று கொள்ளிகள் மலையேறி வந்தன. பாறை இன்னும் சூடாகவில்லை, அம்மா எழுந்திருக்க மாட்டாள்." படிப்பவர் முதலில் தீப்பந்தம் என்றே நினைப்பார். மூன்றாம் பக்கத்தில் ஒரு கொள்ளி இருமும்போது விளங்கிவிடும்.

அந்தப் பெயரும் வீட்டிலிருந்து வந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக்கூட்டங்கள் ஜவளகிரி வழியாக எங்கள் காடுகளுக்கு வரும். கேழ்வரகு முற்றும் நேரம். தாத்தாவோடு பரணில் காவல் இருந்திருக்கிறேன். தகரத்தைத் தட்டுவோம், பந்தம் கொளுத்துவோம். யானைப் பக்கமிருந்து பார்த்தால் எங்களில் தெரிந்திருக்கக்கூடியது அந்தத் தீ மட்டும்தான். இருட்டில் "யானை" என்ற சொல்லைத் தாத்தா சொல்லவே மாட்டார். "சாமி வந்துட்டாரு" என்பார். கிழக்கு வரப்பு முழுக்க மிதிபட்ட காலையிலும் "வந்துட்டுப் போயிட்டாரு" என்றுதான் சொன்னார். ஆயா செவலைப் பசுவை "எங்க போனா இவ?" என்று தேடுவாள். வேண்டாத ஆளைப் பற்றிப் பேசினால் "அது வந்துச்சா?" என்பாள். நன்னூல் இதை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்ற ஐந்து காரணங்களால் திணை மாறலாம். திணை ஒரு சுவர் இல்லை, அதில் கதவு இருக்கிறது. உங்கள் நாவலின் உணர்ச்சி முழுக்க அந்தக் கதவில் வைக்கலாம்.

கல்லிலும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாய். ஆயிரத்து நானூறு வருடமாக அந்தப் பெயர் நிற்கிறது.

அடுத்தது உடம்பு. டிராகனுக்கு மனித மனத்தைக் கொடுக்காமல் இருக்க ஒரே வழி, முதலில் அதற்கு வேறு உடம்பைக் கொடுப்பதுதான். இதற்கு வெளிநாடு போக வேண்டாம். ஒகேனக்கல்லில் முதலைப் பண்ணை இருக்கிறது, போய் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். முதலை முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. பொரியும் நேரத்தில் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் மணலைத் தோண்டி, குஞ்சுகளைப் பல்லுக்கு நடுவில் மெதுவாகக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோவாள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அவள் பிள்ளையைத் தின்பதாகத்தான் தோன்றும். என் நாவலின் பெரிய போர் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் முளைத்தது. கொள்ளிகள் கோட்டைக்காக ஆற்றங்கரை மரங்களை வெட்டுகின்றன. நிழல் போகிறது, மணல் சூடேறுகிறது, மூன்று தலைமுறையாகப் பெண் குஞ்சுகளே பிறக்கின்றன. என்ன நடக்கிறதென்று டிராகன்களுக்குப் புரியவில்லை. தாங்கள் என்ன செய்தோம் என்று மனிதருக்கும் தெரியாது. வில்லன் என்று ஒருவன் எனக்குத் தேவைப்படவே இல்லை.

பாம்பையும் கவனியுங்கள். நாக்கு பிளவுபட்டிருப்பதால் வாசனை இடப்பக்கமா வலப்பக்கமா என்று அதற்குப் பிரித்துத் தெரியும். தரையின் அதிர்வைத் தாடை எலும்பால் வாங்கிக்கொள்ளும். அதனால் என் டிராகன் யாரையும் முகத்தால் அடையாளம் காண்பதில்லை, நடையின் அதிர்வால்தான். முகம் என்ற சொல்லே முதல் பத்து அத்தியாயத்தில் கிடையாது. பறப்பதைப் பற்றி எழுதும் முன் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு நடுப்பகலில் ஏறிப் பாருங்கள். சுட்ட பாறையிலிருந்து எழும் காற்றில் பருந்துகள் இறக்கையை அடிக்காமலேயே சுற்றிச் சுற்றி மேலே போகும். அங்கே இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்து, நான் எழுதியிருந்த "இறக்கைகளை அடித்து வானில் பாய்ந்தேன்" வகை வரிகள் அத்தனையையும் அடித்துவிட்டேன்.

காலம் இன்னொரு சிக்கல். ஆயிரக்கணக்கான வருடம் வாழும் ஒன்றுக்கு அரசர் பெயர்கள் நினைவிருக்குமா? எங்கள் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதியமான், சோழர், ஒய்சளர், விஜயநகரம், மைசூர், 1792க்குப் பிறகு கம்பெனி. நமக்கு இது வரலாறு. மலைமேல் இருப்பவளுக்கு இது கொடியின் நிறம் மாறுவது மட்டும்தான். அவளுக்கு நினைவிருப்பது வேறு: அடிவாரத்துக் காடு பின்வாங்கியது, ஏரி வந்தது, இரும்பு வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அதைப் படித்த அன்று இரவே ஓர் அத்தியாயம் எழுதினேன். டிராகனின் பாட்டி முதன்முதலாக உலையின் வாசனையை நாக்கால் தொடுகிறாள். தீயைக் கல்லுக்குள் போகவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டன கொள்ளிகள் என்று அவளுக்குப் புரிகிறது. இதுவரை எழுதியதில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் அதுதான். இந்தப் பாறையின் வயதோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதன்மேல் படுத்துத் தூங்கும் ஒருத்தி அவசரப்பட்டுப் பேச மாட்டாள். வாக்கியங்களை நீளமாக விடுங்கள்.

பெயர் விஷயம் சுருக்கமாக. "யாளி என்றே வைக்கலாமே" என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். சங்கப் பாட்டிலேயே யானையைக் கொல்லும் ஆளி இருக்கிறது, கோயில் தூண் யாளிக்கென்று ஓர் உருவம் இருக்கிறது. அதற்கு இறக்கை ஒட்டுவது அதற்குச் செய்யும் மரியாதை இல்லை. அட்டையில் டிராகன் என்று போட்டுவிட்டு, உள்ளே அந்தச் சொல்லே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழி இருக்கிறது, அதில் நானும் விழுந்தேன்: நல்ல டிராகன், கெட்ட மனிதன். காட்டோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். யானை மிதித்துச் செத்தவரின் வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன். இதை ஔவையார் ஒரே பாட்டில் முடித்துவிட்டார். தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. அந்தத் தகடூரை ஆண்ட அதியமானைப் பாடும்போது, புறநானூறு 94இல், நீர்த்துறையில் சிறுபிள்ளைகள் தன் தந்தத்தைக் கழுவ விட்டுப் படுத்திருக்கும் யானை போல எங்களுக்கு இனியவன் என்கிறார். பகைவருக்கு அவன் அதே யானையின் மதம். டிராகனைப் படைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் நிலத்தில் போட்டிருந்த மின்வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பி, அந்த உடல்களை விட்டுப் போகாமல் அங்கேயே சுற்றின. செய்தியைப் படித்துவிட்டு ஒரு வாரம் என்னால் எழுத முடியவில்லை. அந்தக் குட்டிகள் பின்னாளில் கதை சொன்னால் நம்மை என்ன வினைமுற்றில் சொல்லும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாவலைத் தொடர்ந்ததற்குக் காரணமும் அந்த நினைப்புதான்.

இப்போது 23ஆம் அத்தியாயத்தில் இருக்கிறேன். வெள்ளத்தில் கூட்டிலிருந்து ஒரு முட்டை உருண்டு கரையில் கிடக்கிறது. விடியல் நேரம், கதை சொல்பவளின் உடம்பு குளிரில் அசையவில்லை, பார்க்க மட்டும்தான் முடிகிறது. உப்பு வணிகர் கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி வருகிறாள். கதை சொல்பவளின் பார்வையில்: "கொள்ளி குனிந்தது. முட்டையைத் தொட்டது. சுற்றிலும் பார்த்தது. மணலைத் தோண்டி, உள்ளே வைத்து, மூடினாள்." வினை எந்த இடத்தில் மாற வேண்டும் என்று பதினோரு முறை மாற்றி எழுதினேன். "தொட்டாள்" என்று முன்பே மாற்றினால் அவசரம். மூடியபின் தனி வாக்கியத்தில் மாற்றினால் விளக்கம் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. மூடும் அந்தச் செயலிலேயே மாற வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது ஆயாவுக்கு அந்த நாவலை வாசித்துக் காட்டினேன். எட்டு நாள், தினமும் விளக்கு வைத்த பிறகு. கேட்டுக்கொண்டே "அதுங்க மறுபடி மலைக்கு ஏறுச்சுங்களா?", "அதுங்களுக்கு என்னதான் வேணுமாம்?" என்று கொள்ளிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் அந்த முட்டை மூடும் இடம் வந்தது. வாசித்து நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு பத்திரமா வீடு போய்ச் சேந்தாளா?" என்றாள்.