அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. மார்பகப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை முடித்து வந்திருக்கிறேன். பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கோளாறு இருக்கிறது, உடன்பிறந்தவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், இப்போது வாயைத் திறக்காதே என்கிறார் கணவர். சொத்து பாகம் வைத்ததிலிருந்து அண்ணனோடு பேச்சே இல்லை. அம்மா 52 வயதில் வயிற்றில் கட்டி வந்து இறந்தார்.
- பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: சொல்லிவிடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் அக்காவுக்குப் போன் போடப் போவதில்லை, ஆக நீங்கள் சொல்லாவிட்டால் அந்த வீட்டுக்குச் செய்தி போக வேறு வழியே கிடையாது.

நம் பக்கம் யாருக்குக் கேன்சர் வந்தாலும் கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணலைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணுக் கோளாறு; அது மணலில் இருந்து வந்ததல்ல, அநேகமாக அம்மாவோ அப்பாவோ கொடுத்தது. அம்மாவின் பழைய மருத்துவச் சீட்டு ஏதாவது பீரோவில் கிடக்கிறதா என்று தேடுங்கள்; அந்தக் கட்டி சினைப்பையில் வந்தது என்றால் அம்மா வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், அப்போது சித்திமாருக்கும் மாமாவுக்கும் கூடத் தெரிய வேண்டும்.

உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்கு இதில் என்ன என்று நினைக்காதீர்கள். அண்ணனுக்கு இருந்தால் அவருடைய மகன், மகள் ஒவ்வொருவருக்கும் அதே பாதி. நேரில் பேச வராது என்றால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, ரிப்போர்ட் நகலோடு அனுப்புங்கள். பாகத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம்! அந்த நகல் முக்கியம், ஏனென்றால் எந்த இடத்தில் கோளாறு என்று அதில்தான் இருக்கும். அதை மட்டும் பார்க்கச் சொன்னால் போதும், முழுசாகத் தேடுவதை விடச் செலவு குறைவு. கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் சரி.

அக்காவைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள், நாலு பேர் கூடும் விசேஷ வீட்டில் வேண்டாம். முதலில் அக்கா எடுக்கட்டும். அவருக்கு இல்லையென்றால் அவர் வழியாக மகளுக்கும் வராது, கல்யாணப் பேச்சில் இந்த விஷயமே எழாது. இருக்கிறது என்றாலும் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வருடா வருடம் எம்.ஆர்.ஐ. பார்ப்பது, பிள்ளை பெற்று முடித்தபின் சினைப்பைகளை எடுத்துவிடுவது என்று வழிகள் இருக்கின்றன. கேட்டுவிட்டு, எனக்கு டெஸ்ட் வேண்டாம் என்று அக்கா சொன்னால் வற்புறுத்தாதீர்கள், அது அவர் இஷ்டம்.

அப்புறம், உங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதவே இல்லையே. 18 வயது ஆகவில்லை என்றால் அவர்களுக்கு இப்போது டெஸ்ட் வேண்டாம்.