பழுது தெரிந்தும் விமானத்தை எடுக்கலாமா?

கேள்வி: அண்மையில் நான் ஏறிய விமானத்தில், “ஏபியூ என்ற துணை என்ஜின் வேலை செய்யவில்லை, என்ஜின் கிளம்பிய பிறகே ஏசி வரும்” என்று விமானி அறிவித்தார். பழுது என்று தெரிந்தும் விமானத்தை எடுப்பது எப்படிச் சரியாகும்? அதை முடிவு செய்பவர் யார்?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்த முடிவை விமானியோ பொறியாளரோ அந்த நேரத்துக்குத் தோன்றியபடி எடுப்பதில்லை. எந்தக் கருவி பழுதாகியிருந்தால், என்ன நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் மூலப் பட்டியல் ஒவ்வொரு விமான வகைக்கும் உண்டு. அதைவிடத் தளர்வாக இல்லாதபடி விமான நிறுவனம் தனக்கென ஒரு பட்டியலைத் தயாரித்து, இந்தியாவில் என்றால் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் ஒப்புதலைப் பெற வேண்டும். துறையினர் இதை எம்இஎல் (குறைந்தபட்சக் கருவிப் பட்டியல்) என்பார்கள். விமானத்தின் பாதுகாப்புக்குத் தேவையான ஒரு பாகம் அதில் குறிப்பிடப்படவில்லை என்றால், அது வேலை செய்தே ஆக வேண்டும்.

பட்டியலில் உள்ளவை நான்கு பிரிவாக இருக்கும்; பிரிவுக்கு ஏற்பப் பழுதைச் சரிசெய்யக் கெடுவும் உண்டு. ‘பி’ பிரிவுக்கு 3 நாள், ‘சி’ பிரிவுக்கு 10 நாள், ‘டி’ பிரிவுக்கு 120 நாள். பழுது பதிவான நாள் கணக்கில் சேராது. ‘ஏ’ பிரிவுக்கான கெடு பட்டியலிலேயே தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

ஏபியூ என்பது விமானத்தின் வால்பகுதியில் உள்ள சிறிய என்ஜின். நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தருவதும், பெரிய என்ஜின்களைக் கிளப்ப உதவுவதும் அதன் வேலை. இவற்றைத் தரையில் உள்ள வண்டிகளைக் கொண்டும் செய்துவிடலாம் என்பதால்தான் உங்கள் விமானம் புறப்பட்டது. அதே பழுதோடு கடலுக்கு மேல் நெடுந்தூரம் செல்ல வேண்டிய இரட்டை என்ஜின் விமானம் என்றால் நிபந்தனைகள் கடுமையாகும். பட்டியல் அனுமதித்தாலும், அன்றைய வானிலையையும் மற்றப் பழுதுகளையும் சேர்த்துப் பார்த்து, எடுக்க முடியாது என்று மறுக்கும் உரிமை தலைமை விமானிக்கு உண்டு.

இந்த முறையை நான் நம்புகிறேன். ஆனால் ஒரு கருவி இல்லாமல் பறக்கலாமா என்பதற்குத்தான் பட்டியல் விடை சொல்லும். அது ஏன் கெட்டது என்ற கேள்வியை மனிதர்தான் கேட்க வேண்டும். 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பானேர் நிறுவனத்தின் எம்டி-82 விமானம் புறப்படவிருந்தபோது, வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் உணர்கருவி 100 டிகிரியை ஒட்டிக் காட்டியது. உறைபனியிலிருந்து காக்க அதற்குள் வைத்திருக்கும் சூடேற்றி, வானில் மட்டுமே இயங்க வேண்டியது, தரையிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. விமானம் நிறுத்துமிடத்துக்குத் திரும்பியது. பராமரிப்புப் பணியாளர் எம்இஎல்லைப் பார்த்தார்; உறைபனி இல்லாத பாதையில் சூடேற்றி இல்லாமல் பறக்க அதில் அனுமதி இருந்தது. மின்னிணைப்பைத் துண்டித்தார், விமானம் புறப்பட்டது.

‘விமானம் தரையில் நிற்கிறது’ என்று அந்தச் சூடேற்றிக்குத் தெரிவிக்கும் அதே ரிலேதான் (தானாக இயங்கும் மின்சுவிட்ச்), மேலெழும்ப உதவும் இறக்கை மடிப்புகளை விரிக்காமல் விமானம் ஓடத் தொடங்கினால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கைக்கும் செய்தி தருவது. அன்று விமானிகள் மடிப்புகளை விரிக்கவில்லை, எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. மேலெழும்பிய உடனே விமானம் விழுந்தது. 154 பேர் இறந்தார்கள், 18 பேர் பிழைத்தார்கள். ரிலேதான் பழுது என்று விசாரணையாளர்களால் உறுதியாக நிறுவ இயலவில்லை என்றாலும், தரையில் சூடேறிய அந்தச் சிறு கருவி இன்னொரு பெரிய கோளாறின் அறிகுறியாக இருந்திருக்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பொறியாளர்களிடம் பேசும்போதெல்லாம் இந்த விபத்தைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

அதன் பின், இவ்வகை விமானங்களில் ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் அந்த எச்சரிக்கையைச் சோதித்தாக வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை உத்தரவிட்டது.