அம்மாவின் முகூர்த்தப் பட்டு: சொல்லாததை வெட்டிய கடை பொறுப்பேற்க வேண்டுமா?

கேள்வி: என் ஊர் காவேரிப்பட்டணம். 1995இல் அம்மாவின் திருமணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் முகூர்த்தப் பட்டை, என் வரவேற்புக்கு லெஹங்காவாக மாற்றித் தைப்பதற்காகப் பெங்களூருவில் ஒரு பொட்டிக்கில் கொடுத்தோம். கூலி 22,000 ரூபாய். முன்பணம் 12,000 ரூபாய் அப்பாவின் கணக்கிலிருந்து போனது. முந்தானையை வெட்டாமல் முழுதாகத் துப்பட்டாவாக வைக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். வரவேற்புக்கு 2 நாள் முன்பு உடை வந்தது. முந்தானையைத் துண்டு துண்டாக வெட்டி ரவிக்கைக்கும் இடுப்புப் பட்டைக்கும் வைத்திருந்தார்கள். பாவாடையின் உயரமும் குறைவு. கடைசி நேரத்தில் 6,500 ரூபாய் வாடகைக்கு வேறு லெஹங்கா எடுத்து உடுத்தினேன். மீதித் துணியைக் கேட்டால், பாக்கி 10,000 ரூபாய் வந்த பிறகுதான் தருவோம் என்கிறார்கள். ரசீதின் பின்பக்கம், ‘பழைய துணிகளை மாற்றித் தைப்பதில் ஏற்படும் சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருக்கிறது. ‘எது நன்றாக இருக்குமோ அப்படிச் செய்யுங்கள் என்று நீங்களே எழுதினீர்களே’ என்றும் கேட்கிறார்கள். கையின் நீளம் பற்றி அவர்கள் கேட்டபோது நான் எழுதியது அது. நான் வழக்குப் போட முடியுமா? பெங்களூருவுக்கு அலைய வேண்டுமா? காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா? உடையை இங்கேயே ஒரு தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. இப்போதைக்கு அந்த உடையில் ஒரு தையலைக்கூடப் பிரிக்காதீர்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த லெஹங்காதான். இன்னொருவர் அதைப் பிரித்துத் தைத்துவிட்டால், எந்த வெட்டு யார் கையால் விழுந்தது என்பதை நிரூபிக்க முடியாமல் போகும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் உடையை விரித்து, உள்பக்கத் தையல் உட்படப் படம் எடுங்கள். முந்தானையின் புட்டாக்களும் ஜரிகைப் பட்டைகளும் ரவிக்கையில் எங்கெங்கே வந்திருக்கின்றன என்பது தெளிவாகத் தெரியட்டும். பாவாடை உயரத்தை அளவு நாடா வைத்துப் படம் எடுங்கள். நீங்கள் கொடுத்த அளவுச் சீட்டையும் பக்கத்தில் வையுங்கள். அம்மா அந்தப் புடவையை உடுத்தியிருக்கும் திருமணப் படங்களைத் தேடி எடுங்கள். முந்தானை முழுதாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அடுத்து, பட்டுத் துணியில் பழக்கமுள்ள ஒரு தையற்காரரிடம் உடையைக் காட்டி, எது சரிசெய்யக்கூடியது, எது முடியாதது, எவ்வளவு செலவாகும் என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். இதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் தர வேண்டிய இழப்பீட்டைப் பற்றியது. அந்த இழப்பைக் கணக்கிடும்போது, ஏற்பட்ட சங்கடத்தைச் சரிசெய்துகொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆகவே, ‘சரிசெய்திருக்கலாமே’ என்ற கேள்வி நிச்சயம் வரும். பாவாடையின் உயரத்தை ஒருவேளை ஒட்டுப் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு அதே புடவையின் மீதித் துணி வேண்டும், அந்தத் துணியைக் கடை பிடித்து வைத்திருக்கிறது. சரிசெய்யும் வழியை அடைத்ததே அவர்கள்தான் என்பதை, நீங்கள் கடைக்கு அனுப்பப்போகும் நோட்டீசிலேயே எழுதிவிடுங்கள். முந்தானை வேறு விஷயம். வெட்டிய நெசவு திரும்பச் சேராது.

இனி அடிப்படைக்கு வருகிறேன். புடவையை நீங்கள் கடைக்கு விற்கவில்லை, ஒரு குறிப்பிட்ட வேலைக்காக ஒப்படைத்தீர்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டில் பொருளை ஒப்படைப்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு வரையறுக்கிறது. 151ஆம் பிரிவு, பெற்றுக்கொண்டவர் அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்கிறது. மாற்றித் தைக்கக் கொடுத்தாலே துணியை வெட்ட அனுமதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த அனுமதி நீங்கள் சொன்ன இடம் வரைக்கும்தான். உடல் பகுதியை வெட்டலாம், முந்தானையைத் தொடக்கூடாது என்று எழுத்தில் இருக்கும்போது, முந்தானையில் வைத்த கத்திரிக்கு உங்கள் சம்மதம் கிடையாது. தையல் கோணலாக வந்தது, அளவு சற்றுப் பிசகியது என்பவை ஒரு வகைத் தவறு. வெட்டாதே என்றதை வெட்டியது அதைவிடக் கனமானது. மனுவில் இந்த இரண்டையும் கலக்காமல், முந்தானையை முன்னால் வைத்து, உயரக் குறைவைப் பின்னால் வையுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதையே ‘சேவைக் குறைபாடு’ என்கிறது. ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்ற வேலையின் தரத்திலோ தன்மையிலோ செய்த விதத்திலோ குறை இருந்தால், 2(11)ஆம் பிரிவின்படி அது சேவைக் குறைபாடு. கவனக்குறைவும் அதில் அடங்கும்.

ரசீதின் பின்பக்க வாசகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பணம் கட்டிய பிறகு கைக்கு வந்த சீட்டில், நீங்கள் படித்துக் கையெழுத்திடாத ஒரு வரி உங்களைக் கட்டுப்படுத்தும் என்று நிலைநாட்டுவது கடைக்கு எளிதாக இருக்காது. அது கட்டுப்படுத்தும் என்றே வைத்துக்கொண்டாலும், பழைய பட்டு தைக்கும்போது இழை பிரிந்தது, சாயம் இறங்கியது போன்ற சேதங்களைப் பற்றித்தான் அது பேச முடியும். சொன்னதற்கு மாறாக வெட்டுவதற்கு அது உரிமை தருவதில்லை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் இதில் தடுமாறுகிறார்கள். அந்த வரியை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று பெயரிட்டு, அதைச் செல்லாததாக அறிவிக்கும்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேட்காதீர்கள். 2019 சட்டம் அந்த அதிகாரத்தை மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் தந்திருக்கிறது. நீங்கள் சேவைக் குறைபாடு என்று மட்டும் கேளுங்கள். அந்த வரியை ஆதாரமாகக் காட்ட வேண்டிய வேலை கடையுடையது, அதற்கு அப்போது பதில் சொன்னால் போதும்.

உங்கள் வாட்ஸ்அப் செய்திதான் எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. ‘எது நன்றாக இருக்குமோ அப்படிச் செய்யுங்கள்’ என்ற வரியைத் தனியாக வெட்டி எடுத்துக் காட்டினால், பார்ப்பவருக்கு அது முழுச் சம்மதம் போலத்தான் தெரியும். அதனால் அந்த உரையாடலை முதல் செய்தியிலிருந்து கடைசி வரை ஒரு வரியும் விடாமல் தாக்கல் செய்யுங்கள். எதையும் அழிக்காதீர்கள், உங்களுக்குப் பாதகமாகத் தோன்றுவதையும்தான். முந்தானை பற்றிய உங்கள் அறிவுறுத்தல், கையின் நீளம் பற்றிய அவர்கள் கேள்வி, அதற்கு உங்கள் பதில் என்ற வரிசை தெரியும்போது அவர்கள் வாதம் நிற்காது. அந்தச் செல்போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023 என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணையுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை என்றாலும், ஆட்சேபணைக்கு இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பாக்கிப் பணத்துக்காகத் துணியைப் பிடித்து வைக்கலாமா? செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு தருகிறது. அந்தப் பிரிவின் உதாரணங்களில் கோட்டு தைக்கும் தையற்காரர் ஒருவரும் வருகிறார். தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், பணத்துக்கு 3 மாதத் தவணை என்று ஒப்புக்கொண்ட அவருக்குக் கோட்டைப் பிடித்து வைக்க உரிமையில்லை என்கிறது சட்டம். உங்களிடம் தவணைப் பேச்சு எதுவும் நடக்கவில்லை, ஆகவே அந்த உதாரணம் உங்களுக்கு நேராகப் பொருந்தாது. உங்களுக்கு உதவுவது அந்தப் பிரிவின் இன்னொரு நிபந்தனை: ஒப்படைத்த நோக்கத்துக்கு இணங்க வேலை நடந்திருக்க வேண்டும். முந்தானையை வெட்டிய வேலை நோக்கத்துக்கு இணங்கிய வேலையாகாது. ஆகவே 10,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். துணி கிடைத்தால் போதும் என்று கட்டிவிட்டால், வேலையை ஏற்றுக்கொண்டதற்கு அதையே அடையாளமாகக் காட்டுவார்கள்.

பெங்களூருவுக்கு அலைய வேண்டியதில்லை. 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 34(2)(ஈ) பிரிவு சொல்கிறது. எனவே கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் உங்கள் மனு செல்லும், பெங்களூருக் கடைதான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். திருமணத்துக்குப் பிறகு வேறு ஊரில் குடியேறியிருந்தால், அம்மாவின் பெயரிலும் மனு இருப்பது கைகொடுக்கும். புடவை அம்மாவுடையது, பணம் அப்பாவுடையது, சேவை உங்களுக்கானது. மூவருமே மனுதாரர்களாகச் சேர்ந்துகொள்ளுங்கள். பணம் கொடுத்தவரின் சம்மதத்துடன் சேவையைப் பெறுபவரும் நுகர்வோர்தான்.

ஆணையத்தின் பண வரம்பும் கட்டணமும் கொடுத்த கூலியை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன, புடவையின் மதிப்பையோ கேட்கும் இழப்பீட்டையோ வைத்து அல்ல. அந்தத் தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் தரலாம். 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைவிட நீளும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது? இங்கேதான் நல்ல வழக்குகள் கெட்டுப்போகின்றன. கோபத்தில் 10 லட்சம் என்று எழுதினால் மனுவின் நம்பகத்தன்மை குறையும். கணக்குக் காட்டக்கூடியதைக் கேளுங்கள். முன்பணம் 12,000 திரும்ப வேண்டும். வாடகை 6,500 வேண்டும், அதற்கு வாடகை ரசீதும், வரவேற்பு நாள் கடைக்கு முன்பே தெரியும் என்பதற்கான செய்தியோ அழைப்பிதழோ வேண்டும். மீதித் துணி முழுவதும் திரும்ப வேண்டும். பிறகு புடவையின் மதிப்பிழப்பு.

இதில் பலரும் குழம்புகிறார்கள். 30 ஆண்டுப் பழைய புடவைக்குப் புதுப் புடவையின் முழு விலை கிடைக்கும் என்று நான் நம்பவைக்க மாட்டேன். அதே சமயம், பழசாகிவிட்டது, மதிப்பில்லை என்று கடை சொல்வதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியது, அதற்கென்று தனி விலை உண்டு. கரையையும் உடலையும் நெசவிலேயே கோத்த கோர்வைப் புடவையாக இருந்தால், இன்று அதை நெய்து வாங்க என்ன விலை என்று ஒரு கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்திடமோ, பர்கூரில் உள்ள பட்டுக் கடைகளிலோ எழுத்தில் வாங்குங்கள். தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. பட்டை அறிந்தவர்களைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மன உளைச்சலுக்கும் கேட்கலாம், கேட்க வேண்டும். சட்டம் பாதிப்பு என்று சொல்லும்போது உடலுக்கும் உடைமைக்கும் நேர்வதுடன் மனதுக்கு நேர்வதையும் சேர்த்தே சொல்கிறது. அம்மா தன் பிரமாணப் பத்திரத்தில் அந்தப் புடவையை ஏன் இத்தனை ஆண்டுகள் பாதுகாத்தார் என்பதைத் தன் வார்த்தைகளில் எழுதட்டும். வழக்கறிஞர் எழுதிக் கொடுக்கும் அலங்காரத்தைவிட அது வலுவாக இருக்கும். ‘கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இதற்கு ஒரு வழக்கா’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்களை மதித்தே சொல்கிறேன், திருமணத்துக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஒருவரின் உடைமையை இன்னொருவர் பாழாக்கியதற்கான கணக்கு இது.

காவல் நிலையம் வேண்டாம். தவறாக வெட்டியது குற்ற வழக்காகாது, அங்கே போனால் உரிமையியல் தகராறு என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரே ஒரு நிலையில் இது மாறும். மீதித் துணி எங்களிடம் இல்லவே இல்லை என்று அவர்கள் மறுத்தாலோ, விற்றுவிட்டார்கள் என்று தெரிந்தாலோ, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 316ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடி, அதாவது நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடுவது, பற்றி யோசிக்கலாம். இப்போதே அதைச் சொல்லி மிரட்டாதீர்கள். இணையத்தில் எழுதுவதாக இருந்தால் நடந்ததை மட்டும் எழுதுங்கள், திருடர்கள் என்று எழுதினால் அவதூறு வழக்கை நீங்கள் சந்திக்க நேரும்.

முதல் வேலையாக, விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாளில் துணித் துண்டுகள் அனைத்தையும் எடை குறித்த பட்டியலுடன் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவுப்படி, வருமான வரம்பு எதுவுமின்றிப் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசலாம், சில கடைகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வருகின்றன.

சமரசத்துக்குக் கடை முன்வந்தால் மறுக்காதீர்கள், ஆணையமே சமரசத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் ‘இலவசமாக வேறொரு லெஹங்கா தைத்துத் தருகிறோம்’ என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். பணம் வங்கிக் கணக்கில் வரட்டும், துணித் துண்டுகள் கைக்கு வரட்டும். இரண்டும் வந்த பிறகே எழுத்தில் கையெழுத்திடுங்கள்.