அந்த வள்ளம் எந்தப் பக்கம் வந்தது?

கேள்வி: மணக்குடிக் காயலில் ஓட்ட அத்தானும் நானும் சின்ன மோட்டார் படகு வாங்கினோம். போன ஞாயிறு குறுக்கே ஒரு வள்ளம் வந்தது. நான் நேராகவே போனேன். அவர் கடைசி நேரத்தில் திருப்பி, திட்டிவிட்டுப் போனார். யார் ஒதுங்கியிருக்க வேண்டும்?
– வாசகர், சுசீந்திரம்

பதில்: வள்ளம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, இன்ஜின் ஓடியதா, வலை கிடந்ததா என்று எழுதவில்லையே தம்பி. பதில் அதில்தான் இருக்கிறது.

இரண்டும் இன்ஜினில் ஓடினால், மற்றதைத் தன் வலப்பக்கம் பார்க்கிறவர் ஒதுங்க வேண்டும். 1972-ல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கடல் மோதல் தடுப்பு விதி இது. இரவில் விளக்கே சொல்லிவிடும். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. குறுக்கே வருகிறவரின் சிவப்பு தெரிந்தால் ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான். அவருடைய அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, முன்னால் வெட்டிப் போகாதீர்கள். வேகத்தைக் குறைத்து, நன்றாக வலப்பக்கம் திருப்பி, அவருக்குப் பின்னால் போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் உங்கள் எண்ணம் அவருக்குப் புரியாது.

நேருக்கு நேர் வந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். சாலையில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை இங்கேதான் தவறும்.

வலை போட்டு மீன் பிடிக்கிற படகுக்கும், பாய் விரித்து ஓடுகிற படகுக்கும் எந்தப் பக்கம் வந்தாலும் இன்ஜின் படகு வழி விட வேண்டும். அவர்களே உங்களை முந்தினால் மட்டும் அவர்கள் ஒதுங்க வேண்டும். துடுப்பு வள்ளத்துக்கு இப்படித் தனியாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஒற்றை ஆள் துடுப்பு வலித்து எவ்வளவு வேகமாக விலகிவிட முடியும்? நான் விலகித்தான் போவேன்.

முட்டத்தில் ஃபைபர் வள்ளம் ஓட்டிய காலத்தில் ஒருநாள், வழி எனக்குத்தான் என்று நேராகவே போனேன். குறுக்கே வந்த வள்ளத்துக்காரர் இன்ஜினை ஓடவிட்டு, குனிந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. எட்டடி இடைவெளியில் தப்பினோம். எதிராளி ஒதுங்கவில்லை என்று தெரிந்தால், வழி உரிமை உள்ளவரும் விலக வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. சந்தேகம் வந்தவுடன் ஹாரனைக் குறைந்தது ஐந்து முறை சட்டுச்சட்டென்று அடியுங்கள்.

அப்புறம், லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் போடாமல் உடம்பில் போடுங்கள். இன்ஜினை அணைக்கும் கயிற்றைக் கையிலோ காலிலோ மாட்டுங்கள். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் புரொப்பல்லர் நிற்க வேண்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554.

அந்த வள்ளக்காரரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். காயல் கடலோடு சேரும் பொழியில் இப்போது எந்தப் பக்கம் மணல் ஏறிக் கிடக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.