திப்பிலி என்று கூப்பிட்டுப் பாருங்கள்

அன்புள்ள அக்கா,

சங்கரன்கோவிலில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் கோவில்பட்டி பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து நாய்க்குட்டி எடுத்து வந்தோம். சிப்பிப்பாறை இனமும் கன்னி இனமும் கலந்தது என்று சொன்னார்கள். கறுப்பு உடம்பு, ஒல்லி, இரண்டு கண்ணுக்கு மேலேயும் செம்பழுப்பில் ஒவ்வொரு பொட்டு. பெண் குட்டி. கொடுத்தவர் ஜூலி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு ஜூலி இருக்கிறது.

யாரும் வைக்காத பெயராக, நல்ல தமிழில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாழினி என்றேன். எதிர்வீட்டுக் குழந்தையின் பெயர் அதுதான் என்று வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். ஞமலி என்றேன். அத்தைக்கு வாயில் வரவில்லை, 'நமிலி, நமிலி' என்கிறார். மகன் எங்கேயோ படித்துவிட்டு லைக்கா, சரமா என்று இரண்டு சொல்கிறான். மாமாவோ, "பொட்டைக் குட்டியை எடுத்துட்டு வந்ததே தப்பு, இதுல பேரு வேறயா? மணின்னு கூப்பிடு" என்கிறார். இப்போதைக்குப் பெயர் இல்லை. 'ஏய்' என்றால் திரும்பிப் பார்க்கிறது. நீங்கள்தான் ஒரு பெயர் சொல்ல வேண்டும்.

செல்வி

*

அன்புள்ள செல்வி,

முதல் வேலையாக அந்த 'ஏய்'யை நிறுத்துங்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அதுவே பெயராகி நின்றுவிடும். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். ஏடிஎம் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே நழுவிப்போய், மிஷின் ஓரமாகக் குளிர்ச்சியில் படுத்துக்கொள்வாள். பணம் எடுக்க வந்தவர்கள் ஏடிஎம் நாய் என்றார்கள். காய்கறி வண்டிக்கார அம்மா அதை ஏட்டியம்மா ஆக்கினார். இப்போது தெருவே ஏட்டியம்மா என்றுதான் கூப்பிடுகிறது. இதைவிட அபூர்வமான ஒரு பெயரை உட்கார்ந்து யோசித்தால் பிடிக்க முடியுமா, சொல்லுங்கள்.

ஆனால் உங்களுக்கு யோசித்து வைக்க ஆசை. சரி, யோசிப்போம்.

உங்கள் வீட்டில் இதற்கு நடுவர் அத்தைதான். பகலில் சோறு வைப்பவர், வாசலில் நின்று கூப்பிடப்போகிறவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார். அவர் வாயில் நுழையாத பெயர் ஆதார் அட்டையில் ஏறினாலும் அந்த வீட்டில் நிற்காது. எத்தனை எழுத்தில் வைத்தாலும் அவர் சுருக்குவதுதான் நிலைக்கும். அதனால் சுருங்கினாலும் அழகாக இருக்கிற பெயராகப் பார்த்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அந்தக் கணக்கில் ஞமலி அவுட். எனக்கு இதில் உங்களைவிட வருத்தம். அகநானூற்றில் 140ஆம் பாட்டு இருக்கிறது. உப்பு விற்கிற உமணர் மகள் கைவளை ஒலிக்க, நெல்லுக்கு உப்பு என்று கூவிக்கொண்டு சேரிக்குள் வருகிறாள். வீட்டு நாய்க்கு அந்தக் குரல் புதிது, குரைக்கிறது. அவள் மிரண்டு போகிறாள். 'விளி அறி ஞமலி' என்கிறார் அம்மூவனார். குரலை வைத்தே ஆளை அறிகிற நாய்! எவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறார். ஆனாலும் 'நமிலி' என்று கேட்டுக் கேட்டு ஒரு வாரத்தில் உங்களுக்கே கசந்துவிடும். ழகரம் இருக்கிற பெயர்களையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

ஞமலி என்றாலே நாய்தானே, நாய்க்கு நாய் என்றா பெயர் வைப்பது என்று மகன் கேட்டால், அவன் சொன்ன லைக்காவும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லுங்கள். ரஷ்ய மொழியில் குரைப்பவள் என்று அர்த்தம். மாஸ்கோ தெருவில் பிடித்த நாய் அது. முதலில் குத்ரியாவ்கா, அதாவது சுருள்முடிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 என்ற சோவியத் விண்கலத்தில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பினார்கள். திரும்பக் கொண்டுவர ஏற்பாடே கிடையாது. மேலே போன சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் செத்துப்போனாள் என்ற உண்மை 2002இல்தான் வெளியே வந்தது. எனக்கு அந்தப் பெயரை வைத்துக் கூப்பிட மனம் வராது. ரஷ்யப் பெயர்தான் வேண்டும் என்றால் பெல்கா என்று வையுங்கள். 1960 ஆகஸ்டில் ஸ்த்ரெல்கா என்ற நாயோடு விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தவள். அத்தைக்கும் சொல்ல வரும். லைக்கா என்றால் நம் ஊரில் படக் கம்பெனியா என்று கேட்பார்கள், அந்தத் தொல்லையும் இல்லை. இந்த மூன்றுமே பெண் நாய்கள் என்பதை மாமா காதில் போட்டு வையுங்கள்.

சரமா உங்கள் குட்டிக்கு நிஜமாகவே பொருந்துகிற பெயர். மகன் நல்ல இடத்தில்தான் தேடியிருக்கிறான். ரிக்வேதம் பத்தாம் மண்டலத்தில் வருகிற பெண் நாய் அவள். பணிகள் என்ற கூட்டத்தார் ஒளித்து வைத்த பசுக்களைத் தேடி இந்திரன் அனுப்புகிறான். எங்களுக்குத் தங்கையாக இங்கேயே இருந்துவிடு, பசுக்களில் பங்கு தருகிறோம் என்று அவர்கள் ஆசை காட்டுகிறார்கள். அண்ணனும் தெரியாது தங்கையும் தெரியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். மகாபாரதத்தின் தொடக்கத்தில், காரணமில்லாமல் தன் குட்டியை அடித்தார்கள் என்று ஜனமேஜயனின் வேள்விக்கே போய் நியாயம் கேட்பவளும் சரமாதான். யமனுடைய இரண்டு நாய்களும் அவள் பிள்ளைகள், நாலு கண் உள்ளவை. கண்ணுக்கு மேலே பொட்டு உள்ள நாய்களைத்தான் நாலு கண் என்று சொன்னார்கள் என ஒரு விளக்கம் உண்டு. உங்கள் குட்டியின் முகத்தைப் பாருங்கள்! இவ்வளவு பொருத்தம் இருந்தும் நான் தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். தெரு இதை நாலே நாளில் சர்மா ஆக்கிவிடும். பேங்க்குக்கு மாற்றலாகி வந்த சர்மா யாராவது பக்கத்து மாடியில் குடியிருந்தால் தீர்ந்தது கதை.

யாழினி விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். ஆனால் இதைக் கொஞ்சம் பேச வேண்டும். பெண்கள் பெயரை நாய்க்கு வைத்தால் சண்டை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எப்படி ஊர் ஊராக ஜூலி, ரோஸி, லில்லி? மாதா கோயில் தெருவில் அந்தப் பெயர்களோடு பாட்டிகளும் டீச்சர்களும் நர்சுகளும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. நாய்க்கு வைக்க லாயக்கான பெயர் என்று மற்றவர்கள் முடிவு செய்துகொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு ஜூலி டீச்சர் வகுப்பில் நுழைந்ததும் பின்பெஞ்சில் எழும்பும் சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன். ஜூலியை நீங்கள் மாற்ற நினைப்பது தெருவில் இரண்டு இருப்பதால்தான் என்றாலும், நல்ல காரியம்.

இன்னொரு வேடிக்கை. தெய்வத்தின் பெயரை விலங்குக்கு வைக்க நமக்குத் தயக்கமே கிடையாது. பசு என்றால் லட்சுமி. மதுரை மீனாட்சி கோயில் யானை பார்வதி. நெல்லையப்பர் கோயிலில் இருந்த யானைக்கு அம்மன் பெயரே, காந்திமதி. 2025 ஜனவரியில் அது இறந்தபோது திருநெல்வேலியே திரண்டு வந்து அழுதது. நாய்க்கு மட்டும் காந்திமதி என்று வைத்துப் பாருங்கள், அடி விழும். இத்தனைக்கும் பைரவருக்கு வாகனமே நாய். தெருநாய்க்கு பிஸ்கட் போடும்போது 'பைரவருக்குப் போடுகிறேன்' என்பவர்கள்கூட பைரவி என்று பெயர் வைக்க யோசிப்பார்கள். இது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வழக்கை உங்கள் குட்டியின் தலையில் கட்டி வாதாட வேண்டாம். உங்கள் ஊரில் கோமதி என்று வைத்தால் அம்மனுக்கு ஆகாது என்று ஒரு கூட்டம் வரும். அது கிடக்கட்டும், வாசலில் நின்று கூப்பிட்டால் பாதித் தெரு 'என்னக்கா' என்று திரும்பும்.

கோமதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாயிடம் நாம் பேசுவது பாதி இங்கிலீஷ். பள்ளிக்கூடம் பக்கமே போகாத தாத்தாகூட நாயிடம் 'கம் கம்', 'சிட்', 'கோ' என்பார். கோமதி என்று ஆரம்பித்ததுமே அது போகவா வரவா என்று குழம்பும். கமலி என்றால் ஆரம்பத்திலேயே 'கம்' வந்துவிடுகிறது. சித்ராவுக்கு உட்கார்ந்துவிடும். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன்தான், ஆனால் பெயர் கட்டளை மாதிரி ஒலிக்கக் கூடாது என்பது நாய் பழக்குகிறவர்கள் எல்லோரும் சொல்வது.

பெயர் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பழைய பாடம். கிரேக்கத்து செனபோன் கிட்டத்தட்ட 2400 வருஷத்துக்கு முன்பு வேட்டை பற்றி எழுதியதில், கூப்பிட வசதியாகச் சின்னப் பெயர் வையுங்கள் என்று சொல்லி நாற்பதுக்கு மேல் பெயர்களைக் கொடுத்திருக்கிறார். அலெக்சாந்தர் வரலாற்றை எழுதிய அர்ரியன் பின்னால் அதே விஷயத்தை எழுதும்போது, தன் பெண் நாய் ஹோர்மேயின் வேகத்தையும் குணத்தையும் புகழ்ந்து, இந்தப் பெயர் எனக்குப் பிறகும் இருக்கட்டும் என்றே எழுதி வைத்தார். இருக்கிறதே!

மாமா சொன்ன மணியும் அந்த விதத்தில் லேசுப்பட்ட பெயர் இல்லை. இரண்டே எழுத்து, தெருமுனை வரை இழுத்துக் கூப்பிடலாம், ஆண் பெண் இரண்டுக்கும் ஆகும். ஆயிரம் மணிகள் இருப்பது ஒன்றுதான் குறை.

என் யோசனை: திப்பிலி. சுக்கு, மிளகு, திப்பிலியில் கடைசி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். கறுத்து, ஒல்லியாக, நீளமாக, உங்கள் குட்டியின் வால் மாதிரியே இருக்கும். கஷாயம் வைத்துப் பழகிய அத்தைக்கு இந்தச் சொல்லைச் சொல்லித்தரவே வேண்டாம். சுருக்கினால் திப்பி, அதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் இருக்கிற 'ப்பி' நாயின் காதில் பட்டென்று விழும், கடைசி எழுத்தை இழுத்து 'திப்பிலீ' என்று எவ்வளவு தூரத்துக்கும் கூப்பிடலாம். எந்தக் குழந்தைக்கும் எந்த அம்மனுக்கும் இந்தப் பெயர் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. திட்டிப் பார்த்தேன், "திப்பிலி, செருப்பை விடுடி!" என்று. வாய்க்கு வருகிறது. இது முக்கியம். முதல் ஒரு வருஷம் கொஞ்சுவதைவிடத் திட்டுவதுதான் அதிகமாக இருக்கும்.

கூப்பிட்டுப் பழகியதை மாற்றலாமா என்று யாராவது கேட்டால் தாராளமாக மாற்றலாம். அமெரிக்காவில் சேசர் என்றொரு பெண் நாய், பார்டர் கோலி வகை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைத் தனித்தனிப் பெயரால் பிரித்தறிந்தது. 2011இல் வெளியான ஆய்வில் கணக்கு 1,022. உங்கள் குட்டி ஒரு பெயரை மாற்றிக்கொள்ளாதா? பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்த உடனே வாயில் ஒரு துண்டு கருவாடோ முட்டையோ. வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். பழகி முடிகிற வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவதை மட்டும் ஒத்திப்போடுங்கள், கூப்பிட்டால் வராமல் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மாமாவின் பயம் பெயரைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன். பொட்டைக் குட்டி என்றால் வாசலில் கடுவன்கள் கூடும், வருஷா வருஷம் குட்டி போடும், யார் தலையில் கட்டுவது என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆறு மாதம் நெருங்கும்போது கால்நடை மருத்துவரிடம் கருத்தடைக்கு எப்போது வரலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி குறித்த பிறகு மாமாவே திப்பிலி என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

கடைசியில் எந்தப் பெயர் நின்றது, அத்தை அதை என்னவாக ஆக்கினார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா